பழி சுமக்கும் சென்சார்

பழுதறியும் முறை ஒன்றை எடைபோடும்போது, அது எத்தனை பழுதுகளைக் கண்டுபிடித்தது என்ற கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். நல்ல உறுப்பை நல்லது என்று சொல்ல அதற்கு வக்கு இருக்கிறதா என்பதையே முதலில் பார்ப்பேன். எதைக் கொடுத்தாலும் ‘போச்சு’ என்று சொல்லும் முறை, உண்மையிலேயே போன உறுப்பு அகப்படுகிற அன்று சரியாகத்தான் சொல்லியிருக்கும். அந்தச் சரியை முறையின் கணக்கில் வரவு வைக்க முடியாது. இன்னோர் அளவுகோலும் உண்டு, இதைவிடக் கண்டிப்பானது: ஒரே அறிகுறியோடு வரும் வெவ்வேறு காரணங்களை அந்த முறை பிரித்துக் காட்டுகிறதா? காரின் ஏர் ஃப்ளோ சென்சாரைச் சோதிக்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் புழங்கும் முறைகளை இந்த இரண்டு அளவுகோல்களால் அளந்து பார்க்கலாம்.

வட்டாரத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலை. வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் அதே ஒரகடத்தில் நிற்கிறது. இந்த மதில்களுக்குள் அளவெடுக்காமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்கமாட்டார்கள். மதிலுக்கு வெளியே, படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் வாலாஜாபாத் சாலையோரத்திலும், அதே கார் ‘பிக்கப் இல்லண்ணே’ என்ற ஒற்றை வரியோடு பட்டறைக்குள் நுழைகிறது. பதில் பெரும்பாலும் தயாராகவே இருக்கும்: “ஏர் ஃப்ளோ சென்சார் போயிருக்கும், மாத்திரலாம்.”

இதைத் திறமைக் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்வது அநியாயம். ஆலையில் தெரிந்த அளவு காற்றைச் சென்சார் வழியே செலுத்தி, அது என்ன சொல்கிறது என்று பார்க்க முடியும். முத்திரையிட்ட எடைக்கல் கையில் இருக்கும் கடைக்காரர் தன் தராசைச் சோதிப்பது போன்றது அது. பட்டறைக்காரரிடம் எடைக்கல் இல்லை. சந்தேகத்துக்குரிய சென்சார், அதைவிடச் சந்தேகத்துக்குரிய எஞ்சினில் மாட்டியிருக்கிறது. ஆகவே ஆலையையும் பட்டறையையும் ஒரே தட்டில் வைப்பது விமர்சனம் ஆகாது. கையிலிருப்பதைக் கொண்டே ஓர் எடைக்கல்லை உண்டாக்கிக்கொள்ள ஒரு முறை முயன்றதா என்று கேட்பதே நியாயம்.

சென்சாரின் வேலை எளியது. காற்றுக் குழாயின் நடுவே மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய படலம். பழைய வகைகளில் பிளாட்டினக் கம்பி. கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். உள்வரும் காற்றைவிட இத்தனை டிகிரி சூடாக இருக்கவேண்டும் என்ற வித்தியாசத்தைக் காக்கக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். அந்த மின்னோட்டத்திலிருந்து, நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்பது கணக்காகும். இதன் இயற்பியலை எல்.வி.கிங் 1914இலேயே எழுதிவிட்டார். வெப்ப இழப்பு ஓட்ட வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது என்பது அதன் சாரம். எனவே ஓட்டம் கூடக் கூட வளைகோடு தட்டையாகும். மேல்முனையில் வோல்ட்டில் ஏற்படும் சிறு பிசகு, கிராமில் பெரும் பிசகு. இந்த ஒரு விவரத்தை மறந்த எந்தச் சோதனையும் தேறாது.

கெடுவதற்கும் இதே அமைப்புதான் வழி. எம்-சாண்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளின் தூசி, சரியாக உட்காராத ஃபில்டரின் விளிம்பு வழியே நுழைந்து படலத்தின்மேல் படியும். எண்ணெய் தடவிய ‘ஸ்போர்ட்ஸ்’ ஃபில்டர் மாட்டியிருந்தால் எண்ணெய் ஆவியும் சேரும். படிவு ஒரு போர்வையாகிறது. காற்று குளிர்விப்பது குறைகிறது. சென்சார் உள்ளதைவிடக் குறைவாகச் சொல்கிறது, அதிலும் வேகமான ஓட்டத்தில். ஐடிலிங்கில் அதே சென்சார் சரியாகச் சொல்லலாம், சற்றுக் கூட்டியும் சொல்லலாம். ஒரே சென்சார் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பிசகும் என்பதால், ஐடிலிங்கில் மட்டும் பார்த்து முடிவு சொல்லும் மரபு பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

முறைகளுக்குள் போகுமுன் ஒரு முன்கேள்வி உண்டு, பலர் கேட்பதில்லை. அந்தக் காரில் இந்தச் சென்சார் இருக்கிறதா? நம் சாலைகளில் ஓடும் சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றில் கிடையாது. அவற்றில் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள். கைப்பேசிச் செயலிகளோ அழுத்தம், வேகம், வெப்பநிலை மூன்றையும் பெருக்கி வகுத்து, ஏர் ஃப்ளோ சென்சாரின் அளவைக் குறிக்கும் ‘மாஃப்’ என்ற தலைப்பிலேயே ஓர் எண்ணைக் காட்டிவிடும். இல்லாத உறுப்பின் அளவைத் திரையில் பார்த்து, இல்லாத உறுப்பைக் குறைசொல்லும் விபரீதம் இப்படித்தான் பிறக்கிறது. பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த குழாயைப் பார்த்தால் தீரும் விஷயம்.

இனி முறைகள். முதலில் எரர் கோடு. பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் உள்ளமைந்த பழுதறிதல் 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமானது. அதன்பிறகு மலிவான ஸ்கேனர்கூட எல்லாத் தயாரிப்புகளிலும் பொதுவான மொழி பேசுகிறது. பி0102, பி0103 இரண்டும் சிக்னல் வரம்புக்குக் கீழே போனதையும் மேலே போனதையும் சொல்பவை. அறுந்த ஒயர், உப்புப் பூத்த கப்ளர், செத்த சர்க்யூட். இவற்றில் கோடு நேர்மையானது, பயனுள்ளது. ஆனாலும் அது சுட்டுவது சர்க்யூட்டை; சென்சாரும் அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவே. கப்ளரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் பி0102க்குச் சென்சார் வாங்குவது அவசரம்.

சிக்கல் பி0101இல்தான். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைக் கொண்டு எஞ்சின் கணினி தானே ஒரு காற்றளவை ஊகிக்கிறது. சென்சார் சொல்வது அந்த ஊகத்தோடு ஒத்துப்போகாதபோது பி0101 பதிவாகிறது. இரு தரப்பும் முரண்படுகின்றன என்பதே அதன் முழுப் பொருள்; எந்தத் தரப்பு பொய் என்று அது சொல்வதில்லை. கிழிந்த குழாய், கரி பிடித்த த்ராட்டில், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியது என எதுவும் அந்த முரணை உண்டாக்கலாம். நம் பட்டறைகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் கோடு இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்று: படிவினால் மெல்ல மெல்லப் பிசகும் சென்சார் நெடுநாள் எந்தக் கோடும் எழுப்பாமல் இருக்கக்கூடும். கோடு இல்லாததை நற்சான்றாகக் கொள்வதும் பிழை. எதை விசாரிக்கலாம் என்று காட்டுவதில் கோடு சிறந்தது, முடிவு சொல்வதில் ஏழை.

இரண்டாவது முறைக்கு ரசிகர்கள் அதிகம்: கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. சென்சார் இல்லையென்றால் கணினி தன் நினைவிலிருக்கும் மாற்று மதிப்புகளை வைத்து ஓட்டும். அப்படி ஓட்டும்போது கார் தேறினால் சென்சார் கெட்டது என்பது வாதம். பெட்ரோல் எஞ்சினில் இதற்கு ஓரளவு பெறுமானம் உண்டு. ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும் கார், கப்ளரைக் கழற்றியதும் நிலைத்து ஓடினால், அது புறந்தள்ளக்கூடிய தடயம் அல்ல. கருவி வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிடம் போதும். இந்தச் சிறப்பை மறுக்க மாட்டேன்.

டீசலுக்கு வந்தால் இதே சோதனை அடியோடு சரிகிறது. இந்த வட்டாரத்தில் ஆலை ஷிஃப்டுகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வண்டிகளில் டீசல் நிறைய என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். டீசல் எஞ்சினில் காற்றளவின் முதன்மைப் பயன், எத்தனை புகையைத் திருப்பி உள்ளே விடலாம் என்று இ.ஜி.ஆரை ஆள்வது. சென்சாரின் கப்ளரைக் கழற்றினால், ஆள அளவில்லாத கணினி பொதுவாக இ.ஜி.ஆரை மூடிவிடும். இ.ஜி.ஆர். மூடினால் எஞ்சினுக்குச் சுத்தமான காற்று கூடுதலாகக் கிடைக்கும், பிக்கப் கூடும், ஓட்டுநர் முகம் மலரும். சென்சார் புத்தம் புதிதாக இருந்தாலும் இதேதான் நடக்கும்! குற்றவாளி, கரி அடைத்துத் திறந்தே நிற்கும் இ.ஜி.ஆராக இருந்தாலும், கணினி அதை மூட உத்தரவிட்டு வால்வு பாதியாவது மூடினால் கார் தேறும். பழி மட்டும் சென்சாருக்கு. யாரை நிறுத்தினாலும் தண்டனை தரும் இந்தச் சோதனை என் முதல் அளவுகோலிலேயே தோற்கிறது. டீசலுக்கு இது சோதனையே அல்ல என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

மூன்றாவது, மாற்றிப் பார்ப்பது. நல்ல நிலையிலிருக்கும் அதே மாடல் காரின் சென்சாரைக் கழற்றி இதில் மாட்டி, முன்னும் பின்னும் அளவுகளைக் குறித்துக்கொண்டால், இது உயர்ந்த சோதனை. அப்படிச் செய்பவர்கள் சிலர்தான். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து வந்த சென்சாரோ, பெட்டி மட்டும் அசலாக இருக்கும் புதுச் சென்சாரோதான் பெரும்பாலும் ‘நல்ல’ சென்சாராக நிற்கிறது. வெளித்தோற்றம் ஒன்றாக, கப்ளரும் ஒன்றாக இருந்து, உள்ளே வளைகோடு வேறாக இருக்கும் வகைகளும் உண்டு. சோதிக்கப்படாத ஒன்றைக் கொண்டு சோதிக்கப்படாத இன்னொன்றைச் சோதிப்பதில் என்ன தெரியவரும்? போதாக்குறைக்கு, கணினி பழைய சென்சாரின் பிசகுக்கு ஏற்பக் கற்றுவைத்த திருத்தங்கள் உடனே மறைவதில்லை. நல்ல சென்சார் மாட்டிய முதல் சில கிலோமீட்டரில் கார் முன்னைவிட மோசமாக ஓடலாம். கற்றதை அழிக்காமல் தீர்ப்பு சொல்லும் மெக்கானிக், நிரபராதியையும் குற்றவாளியையும் ஒருசேரத் தவறவிடுவார்.

ஸ்ப்ரே அடித்துக் கழுவுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அது சிகிச்சை, பரிசோதனை அல்ல. அதற்கென விற்கும் திரவத்தை அடித்து, தொடாமல், துடைக்காமல் உலரவிட்டால் கெடுதல் இல்லை. கார்புரேட்டர் கிளீனரை அடிப்பது படலத்தைப் பாழாக்கும் வழி. கழுவுமுன் அளவெடுத்து, கழுவியபின் மறுபடி அளவெடுத்தால் அதுவே ஒரு சோதனையாக உயரும் என்பதையும் சொல்லவேண்டும்.

மல்டிமீட்டர் சோதனை அதன் எல்லைக்குள் உத்தமம். பரவலாகப் புழங்கும் போஷ் ஹாட்-ஃபிலிம் வகை ஒன்றில், சாவி போட்டு எஞ்சின் ஓடாத நிலையில் சிக்னல் ஏறத்தாழ 1 வோல்ட் இருக்கவேண்டும். அதிலிருந்து விலகியிருந்தால் பூஜ்ய ஓட்டத்திலேயே சென்சார் பொய் சொல்கிறது என்று துணியலாம். சரியாக இருந்தாலோ எதுவும் நிரூபணம் ஆகவில்லை; பிசகு வசிப்பது மேல்முனையில். சிக்னலை அலைவெண்ணாகத் தரும் வகைகளில் சாதாரண மீட்டரின் வோல்ட் அளவுக்கு அர்த்தமும் இல்லை. ஆஸிலோஸ்கோப்பில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்து ஏற்றத்தைப் பார்ப்பது இதைவிட ஒரு படி மேல்: படிவு ஏறிய சென்சார் மந்தமாக, முனை மழுங்கி ஏறும். நுட்பமான கருவி. ஆனால் எவ்வளவு மழுங்கினால் பழுது என்பது பார்ப்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது. அதே மாடலின் நல்ல அலைவடிவம் பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

கடைசியாக, நான் முன்னிறுத்தும் முறை. எடைக்கல் இல்லை என்றேன். உண்மையில் எஞ்சினே ஓர் எடைக்கல். அதன் கொள்ளளவு மாறாதது. 1.2 லிட்டர் நால்வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டரை விழுங்கியாகவேண்டும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் அது நொடிக்கு 50 லிட்டர். கடல்மட்டத்தை ஒட்டிய ஒரகடத்தில் 35 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். ஆக, நூற்றுக்கு நூறு நிரம்பினால் நொடிக்கு சுமார் 57 கிராம். நடைமுறையில் டர்போ இல்லாத ஆரோக்கியமான எஞ்சின் முழுத் திறப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பும். 85 என்று வைத்தால் 49 கிராம். இரண்டாம் கியரில் முழுவதும் மிதித்து, 5000ஐத் தொடும் கணத்தில் ஸ்கேனர் 36 கிராம் என்று காட்டினால், எங்கோ பதின்மூன்று கிராம் குறைகிறது. இதே கணக்கை ஊட்டியில் போட்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்; அங்கே சுமார் 39 கிராம்தான் நியாயமான எதிர்பார்ப்பு. மேனுவலில் அச்சிட்ட ஒற்றை எண்ணை எல்லா ஊருக்கும் பொருத்துவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

இந்தக் கணக்கு தனியாக நின்றால் அரைகுறை. 36 கிராம் சென்சாரின் பொய்யாக இருக்கலாம். அடைபட்ட ஃபில்டராலோ உருகி அடைத்த கேட்டலிடிக் கன்வர்ட்டராலோ எஞ்சின் உண்மையிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். பிரிப்பதற்கு இரண்டாவது சாட்சி ஃப்யூல் ட்ரிம். ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ நேர்ந்தது என்று கணினி வைத்திருக்கும் பதிவு அது. காற்றளவு சென்சாருக்கும் அதற்கும் பார்க்கும் இடம் வேறு, பார்க்கும் பொருளும் வேறு. நிரப்பம் குறைவு, ட்ரிம்மும் பத்து சதவீதத்தைத் தாண்டிக் கூட்டல் பக்கம், அதுவும் சுமை ஏற ஏற உயர்கிறது என்றால், சென்சார் குறைத்துச் சொல்கிறது. நிரப்பம் குறைவு, ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி என்றால், சென்சார் சொல்வது உண்மை. அடைப்பையோ டைமிங் செயினையோ தேடவேண்டும். நிரப்பம் சரி, ட்ரிம் மட்டும் கூட்டல் என்றால் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசியும் சைலன்சர் குழாய் என வேறு வரிசை. ஐடிலிங்கில் கூட்டல் அதிகம், வேகம் ஏறினால் தணிகிறது என்றால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு. வாடிக்கையாளர் சொல்லும் ‘பிக்கப் இல்லண்ணே’ ஒன்றுதான். அதற்குள்ளிருந்த காரணங்களை இந்தக் குறுக்குச் சோதனை தனித்தனியே பிரித்து வைத்துவிட்டது. வேறு எந்த முறையும் என் இரண்டாம் அளவுகோலில் இவ்வளவு தூரம் வரவில்லை.

குறைகளை மறைக்கக் கூடாது. முழுத் திறப்பில் பெரும்பாலான கணினிகள் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். ஆகவே ட்ரிம்மை மிதமான சுமையிலும் நிரப்பத்தை முழுத் திறப்பிலும் தனித்தனியே எடுக்கவேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுத்ததாகச் சொல்பவரிடம் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மலிவு ஸ்கேனரில் பல அளவுகளை ஒருசேரக் கேட்டால் பதில் மெதுவாக வரும்; 5000இல் எடுத்ததாக நினைத்த காற்றளவு 4500இன் அளவாக இருக்கலாம். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நெடுஞ்சாலையில் முழு மிதிக்கு இடம் தேடுவதும் லேசான காரியமல்ல. டர்போ எஞ்சினுக்கு மேற்படி கணக்கை அப்படியே போடவும் கூடாது.

டீசலில் பிரச்சினை ஆழமானது. பழைய டீசல்களில் ட்ரிம் என்ற இரண்டாம் சாட்சியே கிடையாது. ஆனால் த்ராட்டில் ஏறக்குறைய முழுவதும் திறந்தே கிடப்பதால், வேறொரு சலுகை கிடைக்கிறது. ஒரகடத்தில் உருவான ரெனோ டஸ்டரின் 1461 சி.சி. டீசலை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 365 சி.சி.; நிரம்பினால் ஏறத்தாழ 420 மில்லிகிராம் காற்று. ஸ்கேனரிலிருந்து இ.ஜி.ஆரை மூடச் சொல்லி, ஐடிலிங்கில் ஒரு வீச்சுக்கு 350ஐ ஒட்டிய அளவு வந்தால் சென்சாரின் கீழ்முனை தேறியது. இ.ஜி.ஆரைத் திறக்கச் சொன்னதும் அளவு சட்டென விழவேண்டும். மூடச் சொன்ன பிறகும் ஏறவில்லையென்றால், சென்சாரைத் தொடுமுன் வால்வைக் கழற்றிப் பார்க்கவேண்டும். மேல்முனைக்கு பூஸ்ட் அழுத்தமே சாட்சி. மேனிஃபோல்டில் மொத்த அழுத்தம் 2 பார், காற்றின் வெப்பம் 50 டிகிரி என்றால், அதே சிலிண்டரில் 85 சதவீத நிரப்பத்துக்கு சுமார் 670 மில்லிகிராம் வரவேண்டும். சென்சார் 500 என்றால் இரண்டில் ஒன்று பொய். இங்கேதான் பெட்ரோலில் கிட்டிய தெளிவு கிட்டாது. அழுத்த சென்சாரை எஞ்சின் ஓடாதபோது வளிமண்டல அழுத்தத்தோடு ஒப்பிட்டு, டர்போ ஹோஸில் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எது பொய் என்று சொல்லமுடியும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் என் வரிசை இது. நிரப்பக் கணக்கும் ட்ரிம்மும் சேர்ந்த குறுக்குச் சோதனை பெட்ரோலில் ஐயமின்றி முதலிடம், டீசலில் இ.ஜி.ஆர்., பூஸ்ட் வழியிலான அதன் மாற்றுவடிவமும் முதலிடமே, தெளிவு ஒரு படி குறைவு. அதற்கு அடுத்து, அளவுகளோடு செய்த மாற்றிப் பார்த்தல்; அது உறுதிப்படுத்தலுக்கு, தொடக்கத்துக்கு அல்ல. ஆஸிலோஸ்கோப் தேர்ந்த கைகளில் மூன்றாவது. எரர் கோடும் மல்டிமீட்டரும் மின்சுற்றுப் பழுதுகளுக்கு மட்டும் முழு மதிப்பெண் பெறுகின்றன. கப்ளரைக் கழற்றி ஓட்டுவதை பெட்ரோலுக்கு ஒரு குறிப்பாக ஏற்கலாம்; டீசலுக்கு நிராகரிக்கிறேன்.

முதலிடம் பெற்ற முறையும் ஓரிடத்தில் கையை விரிக்கும். வேகத்தடையில் குலுங்கும்போது மட்டும், மழைநாளில் மட்டும், சூடேறி நிற்கும்போது மட்டும் ஒரு கணம் தடுமாறும் பழுதில், கணக்குப் போட அந்தக் கணம் பிடிபடுவதில்லை. சிக்னல் ஒயரில் மீட்டரை மாட்டிவைத்துக் கப்ளரை விரலால் ஆட்டி, வயரிங்கை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்க்கும் பழைய பொறுமைதான் அங்கே செல்லும். அதைச் செய்யும் கை படப்பையிலும் சுங்குவார்சத்திரத்திலும் இப்போதும் இருக்கிறது; அதற்கு ஆகும் மணிநேரத்துக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் முன்வராததால், அந்தக் கையும் ஒரு புதுச் சென்சாரை மாட்டி அனுப்பிவிடுகிறது.